பிளேஆஃப் இடமா, டிராஃப்ட் தேர்வா? என்.பி.ஏ. ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் பிறந்தவுடன், அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வில் நடுத்தரமாக ஆடிவரும் அணிகளின் ரசிகர்களுக்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. எஞ்சியிருக்கும் ஆட்டங்களை வென்று, கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபின் கடைசி இடத்தைப் பிடிப்பதா, அல்லது தோற்றுப் பின்தங்கி, புதிய வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் அடுத்த ஜூன் மாத டிராஃப்டில் ஒரு நல்ல இளம் வீரரைத் தேர்ந்தெடுப்பதா என்பதே அந்த வாக்குவாதம். அது தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். நடுநிலை வகிக்க முயலவில்லை. என் கருத்தையும் அதற்கான காரணங்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இந்தச் சிக்கல் எல்லா அணிகளுக்கும் உண்டா?

இல்லை. முப்பது அணிகள் தலா 82 ஆட்டங்கள் ஆடுகின்றன; அவற்றுள் 16 அணிகள் பிளேஆஃப் செல்கின்றன, 14 அணிகள் வீட்டுக்குச் செல்கின்றன. ஐம்பது ஆட்டங்களை வென்ற அணியின் ரசிகருக்கும், இருபதை மட்டுமே வென்ற அணியின் ரசிகருக்கும் இந்தக் குழப்பம் வருவதில்லை. முப்பத்தைந்துக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிகளோடு நிற்கும் அணிகளுக்குத்தான் இது உண்மையான கேள்வி. 2021 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் பிளே-இன் சுற்று இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளிலும் ஏழாம் இடம் முதல் பத்தாம் இடம் வரை உள்ள அணிகள் கடைசி இரண்டு இடங்களுக்காக மோதுகின்றன என்பதால், முன்பு மார்ச் மாதத்திலேயே நம்பிக்கையைக் கைவிட்டிருக்கக்கூடிய அணிகளும் இப்போது ஏப்ரல் வரை ஊசலாடுகின்றன.

கேள்வி: டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலத்தைப் போன்றதா?

பெயரளவில்கூட ஒற்றுமை கிடையாது. ஏலத்தில் பணம் உள்ளவர் வாங்குகிறார். சென்ற ஆண்டு கடைசி இடம் பிடித்த அணிக்கு அதனால் எந்தச் சலுகையும் இல்லை. டிராஃப்டில் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. அந்த வரிசையில் பலவீனமான அணிகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் சம்பளம் முன்பே வரையறுக்கப்பட்டது, அணி விரும்பினால் அவரை நான்கு ஆண்டுகள் வரை அதே ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பவையும் சேரும்போது, ஒரு சிறந்த இளைஞர் கிடைப்பது விளையாட்டுக்கு மட்டுமல்லாமல் கணக்குப் புத்தகத்துக்கும் பெரிய வரவாகிறது. தோல்விக்குப் பரிசு கிடைக்கிறது என்ற முரண் இங்கிருந்துதான் பிறக்கிறது.

கேள்வி: கடைசி இடம் பிடித்தால் முதல் தேர்வு கிடைத்துவிடுமா?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளேஆஃப் வாய்ப்பை இழந்த 14 அணிகளுக்கும் குலுக்கல் நடத்தப்படுகிறது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுக்கும்போது உருவாகக்கூடிய 1,001 எண் தொகுதிகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். முதல் நான்கு தேர்வுகள் மட்டுமே இவ்வாறு முடிவாகின்றன. அதற்குக் கீழே உள்ளவை வெற்றி தோல்வி வரிசைப்படி அமைகின்றன.

ஒரு காலத்தில் மிக மோசமான அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25 விழுக்காடாக இருந்தது. வேண்டுமென்றே தோற்பதைக் குறைக்கும் நோக்கில் 2019இல் அதை மாற்றினார்கள். அந்த விதியின்படி மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு. எட்டாவது மோசமான அணிக்கு 6, பத்தாவதுக்கு 3, பதினான்காவதுக்கு 0.5 விழுக்காடு. கடைசி இடம் பிடித்த அணிக்கு ஐந்தாம் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 47.9 விழுக்காடு என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதாவது, ஒரு முழு ஆண்டைத் தோல்வியில் கழித்த அணி, ஏறக்குறைய நாணயம் சுண்டுவதைப் போல, பாதி வாய்ப்பில் முதல் நான்கிலேயே இடம் பெறாமல் போகலாம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023இலும் 2024இலும் மிக மோசமான அணியாக முடித்து இரு முறையும் ஐந்தாம் தேர்வையே பெற்றது. அவற்றுள் இரண்டாவது பருவத்தில் அது தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. 2025இல் யூட்டா ஜாஸுக்கும் அதே ஐந்தாம் இடம்தான்.

கேள்வி: பிளே-இன்னில் ஆடினால் குலுக்கல் வாய்ப்பு போய்விடுமா?

வென்று பிளேஆஃபுக்குள் நுழைந்தால்தான் போகும். பிளே-இன்னில் தோற்று வெளியேறும் அணி குலுக்கலிலேயே இருக்கும். 2024இல் பிளே-இன்னில் சிகாகோவிடம் தோற்ற அட்லான்டா ஹாக்ஸ், வெறும் 3 விழுக்காடு வாய்ப்போடு முதல் தேர்வை வென்று சக்காரி ரிசாஷேயைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு டாலஸ் மேவரிக்ஸ் பிளே-இன்னில் சாக்ரமென்டோவை வென்று, மெம்ஃபிஸிடம் தோற்று, 1.8 விழுக்காடு வாய்ப்போடு குலுக்கலுக்குச் சென்று கூப்பர் ஃப்ளாகைப் பெற்றது. இந்த இரண்டையும் முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்லவில்லை. ஐம்பதில் ஒன்று என்பது ஐம்பதில் ஒன்றுதான். ஆனால் கடைசி வரை போராடிய அணி டிராஃப்டை முழுவதுமாக இழந்துவிடுகிறது என்ற வாதம் செல்லாது என்பதற்கு இவை சான்று.

கேள்வி: அப்படியானால் ரசிகர் எதை விரும்ப வேண்டும்?

பிளேஆஃப் இடத்தையே விரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. களத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் உங்கள் அணியில் இருக்கப்போகும் வீரர்களாக இருக்க வேண்டும். அவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர்களாக இருந்தால், தோற்றால் ஆண்டே முடிந்துபோகும் என்ற நெருக்கடியில் ஆடும் ஓர் ஆட்டம் அவர்களுக்குக் கற்றுத் தருவதை வேறெதுவும் கற்றுத் தராது. மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் 2021இல் பிளே-இன் வழியாக, கோல்டன் ஸ்டேட்டை அதன் சொந்தக் களத்திலேயே வென்று எட்டாம் இடம் பிடித்தது. முதல் சுற்றில் தோற்றாலும் அடுத்த பருவத்தில் 56 ஆட்டங்களை வென்றது. அந்த ஆண்டு குலுக்கலின் அடிவரிசையிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய ஒரு வீரரைவிட, ஜா மொரான்ட்டும் அவருடைய சக வீரர்களும் அந்த இரண்டு வாரங்களில் பெற்றது பெரிது என்றே நினைக்கிறேன்.

அதற்கு மாறாக, களத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தம் முடிந்து கோடையில் பிரியப்போகும் முப்பத்து மூன்று வயதுக்காரர்களாக இருந்தால், அந்த வெற்றி எதற்கும் அடித்தளம் ஆகாது. அப்போது தேர்வை விரும்பும் ரசிகரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒக்லஹோமா சிட்டி தோற்றுத் தோற்றுத்தானே 2025இல் கோப்பையை வென்றது?

இந்த வாதத்தை அதிகம் கேட்கிறோம். அது பாதி உண்மை. ஒக்லஹோமாவின் தண்டர் அணி 2020-21இல் 22 ஆட்டங்களையும் 2021-22இல் 24 ஆட்டங்களையும் மட்டுமே வென்றது என்பதும், அதன் பயனாக 2022இல் இரண்டாம் தேர்வில் செட் ஹோல்ம்கிரனைப் பெற்றது என்பதும் சரியே. ஆனால் அந்த அணியின் உயிர்நாடியான ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் டிராஃப்டில் வந்தவர் அல்லர். 2019இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு அனுப்பியபோது ஈடாகக் கிடைத்தவர். ஜேலன் வில்லியம்ஸ் 12ஆம் தேர்வு. அந்தத் தேர்வும் அதே பரிமாற்றத்தில் கிளிப்பர்ஸிடமிருந்து வந்ததுதான், அதற்காக ஒக்லஹோமா ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்க வேண்டியிருக்கவில்லை. தடுப்பாட்டத்தில் புகழ்பெற்ற லூ டார்ட்டை டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022-23இல் ஹோல்ம்கிரன் காயத்தால் ஓர் ஆட்டமும் ஆடாத நிலையில், அந்த அணி இன்னும் ஓர் ஆண்டு தோற்றிருக்கலாம். எல்லோரும் எதிர்பார்த்திருந்த இளம் வீரர் விக்டர் வெம்பன்யாமா டிராஃப்டுக்கு வரவிருந்த ஆண்டு அது. இருந்தும் 40 ஆட்டங்களை வென்று பிளே-இன் சென்றது. நியூ ஆர்லியன்ஸை வென்று மினசோட்டாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு 57 வெற்றிகள், அதற்கடுத்த ஆண்டு 68 வெற்றிகளும் கோப்பையும். எப்போது தோல்வியை நிறுத்த வேண்டும் என்று அறிந்திருந்ததே அந்த நிர்வாகத்தின் திறமை என்று கொள்கிறேன்.

கேள்வி: தொடர்ந்து தோற்று, கோப்பை கிடைக்காத அணிக்கு எடுத்துக்காட்டு உண்டா?

ஃபிலடெல்ஃபியா. அணி நிர்வாகி சாம் ஹிங்கியின் திட்டப்படி 2013 முதல் 2016 வரை அந்த அணி 19, 18, 10 என்று வெற்றிகளைக் குறைத்துக்கொண்டே போனது. ஜோயல் எம்பீட், பென் சிம்மன்ஸ், மார்கெல் ஃபுல்ட்ஸ் என உயர்ந்த தேர்வுகள் வரிசையாக வந்தன. எம்பீட் 2023இல் சிறந்த வீரர் விருதையும் வென்றார். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் 2025 வரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

கேள்வி: சாக்ரமென்டோ கிங்ஸை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ரசிகரின் பக்கத்திலிருந்து விடை சொல்லக்கூடிய ஊர் அதுதான் என்பதால். 2006-07 முதல் 2021-22 வரை பதினாறு பருவங்கள் அந்த அணி பிளேஆஃபை எட்டவில்லை, என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் மிக நீண்ட வறட்சி. அந்த ஆண்டுகளில் தேர்வுகளுக்குக் குறைவில்லை. 2009இல் நான்காம் தேர்வில் டைரீக் எவன்ஸ், 2010இல் ஐந்தாம் தேர்வில் டிமார்கஸ் கசின்ஸ், 2012இல் ஐந்தாம் தேர்வில் தாமஸ் ராபின்சன், பின்னர் ஏழாவது, எட்டாவது, ஆறாவது என்று ஆண்டுதோறும் ஒருவர் வந்துகொண்டே இருந்தார். 2018இல் இரண்டாம் தேர்வு கிடைத்தபோது மார்வின் பாக்லியை எடுத்தார்கள். பின்னர் பெரும் நட்சத்திரமான லூகா டான்சிச் அடுத்த இடத்தில் காத்திருந்தார். தேர்வுரிமை என்பது வாய்ப்பு மட்டுமே, அதைப் பயன்படுத்தத் தெரிந்த நிர்வாகம் இல்லையென்றால் எத்தனை முறை கொடுத்தாலும் வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

இதற்கிடையில் 2013இல் அந்த அணியை சியாட்டிலுக்கு இடம்பெயர்க்கும் முயற்சியும் நடந்தது. உள்ளூர் ரசிகர்களும் நகர நிர்வாகமும் போராடினார்கள். அணி உரிமையாளர்கள் 22-8 என்ற வாக்குகளில் அந்த முயற்சியை நிராகரித்தார்கள். அத்தனை தோல்விகளுக்குப் பிறகும் அணியை விட்டுக்கொடுக்காத ஊர் அது. 2022 பிப்ரவரியில் டைரீஸ் ஹாலிபர்ட்டனை இண்டியானாவுக்குக் கொடுத்து டொமாண்டஸ் சபோனிஸைக் கொண்டுவந்தபோது, எதிர்காலத்தை விற்றுவிட்டார்கள் என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹாலிபர்ட்டன் 2025இல் இண்டியானாவை இறுதிச் சுற்றுக்கே இட்டுச் சென்றார். ஆனால் 2022-23இல் சாக்ரமென்டோ 48 ஆட்டங்களை வென்றது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அரங்கின் கூரையிலிருந்து ஊதா நிற ஒளிக்கற்றை வானத்தில் பாய்ச்சப்பட்டது. நகரின் பிள்ளைகள், தாங்கள் பிறந்த பிறகு முதன்முறையாக, தங்கள் அணி பிளேஆஃப் ஆடுவதைக் கண்டார்கள். முதல் சுற்றிலேயே, ஏழாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கரி எடுத்த 50 புள்ளிகளுக்கு முன்னால் அந்த அணி வீழ்ந்தது. அந்த ஏழு ஆட்டங்களை ஒரு பதினோராம் தேர்வுக்கு மாற்றிக்கொள்ள அந்த அரங்கில் இருந்த எவரும் சம்மதித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அந்த எழுச்சி நீடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்த அணி பிளே-இன்னோடு நின்றது.

கேள்வி: எட்டாம் இடத்தில் நுழைந்து முதல் சுற்றிலேயே உதை வாங்குவதில் என்ன பெருமை?

சில ஆண்டுகளில் ஒன்றும் இல்லை. 2025இல் மயாமி ஹீட் பத்தாம் இடத்திலிருந்து பிளே-இன்னின் இரண்டு ஆட்டங்களையும் வெளியூரில் வென்று பிளேஆஃபுக்குள் நுழைந்தது. பத்தாம் இடத்திலிருந்து அப்படி நுழைந்த முதல் அணி அதுதான். ஆனால் கிளீவ்லேண்டிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. கடைசி ஆட்டத்தில் 55 புள்ளிகள் வித்தியாசம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகருக்கு அந்த இடம் ஒரு தண்டனையாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் அதே மயாமி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2023இல், பிளே-இன்னின் முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாம் ஆட்டத்தில் தட்டுத்தடுமாறி வென்று எட்டாம் இடத்தில் நுழைந்தது. முதலிடத்தில் இருந்த மில்வாக்கியை 4-1 என்று வீழ்த்தியது. நியூயார்க்கையும் பாஸ்டனையும் தாண்டி இறுதிச் சுற்றுவரை சென்றது. 1994இல் டென்வர் முதன்முதலில் செய்துகாட்டியதிலிருந்து 2023 வரை எட்டாம் இட அணி முதலிட அணியை ஆறு முறை மட்டுமே வென்றிருக்கிறது. அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினான்காவது மோசமான அணி குலுக்கலில் முதல் தேர்வை வெல்வதோ இருநூறில் ஒன்று.

கேள்வி: 2023இல் டாலஸ் வேண்டுமென்றே தோற்றுப் பலன் பெற்றதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

என் கருத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இதுதான். ஆகவே முழுமையாகச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 7 அன்று சிகாகோவுடன் டாலஸ் ஆடியபோது பிளே-இன் வாய்ப்பு இன்னும் உயிரோடு இருந்தது. ஆனால் அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வை, முந்தைய ஒரு வீரர் பரிமாற்றத்தின்படி, நியூயார்க்குக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் பத்து இடங்களுக்குள் அமைந்தால் மட்டுமே டாலஸ் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியும். நிர்வாகம் கைரி அர்விங் உள்ளிட்ட முக்கிய வீரர்களை உட்காரவைத்தது. டான்சிச் ஏறக்குறைய முதல் கால் பகுதி மட்டுமே ஆடினார். அணி மூன்று புள்ளிகளில் தோற்று வெளியேறியது. என்.பி.ஏ. 7,50,000 டாலர் அபராதம் விதித்தது. பத்தாம் தேர்வு டாலஸிடமே தங்கியது. அதை ஒக்லஹோமாவுடன் மாற்றிக்கொண்டு, பன்னிரண்டாம் தேர்வில் டெரெக் லைவ்லியைப் பெற்றார்கள். அந்த உயரமான இளைஞர் அடுத்த ஆண்டே அணி இறுதிச் சுற்றை எட்டப் பெரிதும் உதவினார்.

கணக்கின்படி நிர்வாகம் செய்தது சரியாகப் பலித்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அன்றிரவு அரங்கில் ரசிகர்கள் காசு கொடுத்து அமர்ந்திருந்தார்கள். ஓர் ஆட்டத்தை வெல்லலாம் என்ற நிலையில், வெல்ல வேண்டாம் என்று அவர்களுடைய அணியே முடிவெடுத்தது. கடல் கடந்து இங்கே விடியற்காலையில் எழுந்து ஆட்டம் பார்க்கும் எனக்கே அது ஏமாற்றமாக இருந்தது என்றால், குழந்தையை அழைத்துக்கொண்டு அரங்குக்குப் போன தந்தைக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு தேர்வு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைக் காக்கும் கடமை நிர்வாகத்துக்கு உரியது. அந்தக் கணக்கை ரசிகரும் தம் தலையில் ஏற்றிக்கொண்டு, தம் அணியின் தோல்விக்குக் கைதட்ட வேண்டியதில்லை.

கேள்வி: முதல் தேர்வு அணியின் தலையெழுத்தை மாற்றாதா?

மாற்றும், அந்த ஆண்டில் அதற்குத் தகுந்த ஆள் இருந்தால். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் கிடைத்த கிளீவ்லேண்டுக்கே 2013இல் முதல் தேர்வில் கிடைத்தவர் ஆந்தனி பென்னட். அவர் நான்கு பருவங்களுக்குள் என்.பி.ஏ.வை விட்டே வெளியேறினார். 2007இல் போர்ட்லண்ட் கெவின் டுராண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனை எடுத்தது; முழங்கால் காயங்கள் அவருடைய வாழ்வை முடக்கின. மறுபுறம், யானிஸ் அன்டெடோகூன்போ பதினைந்தாம் தேர்வு, நிகோலா யோக்கிச் நாற்பத்தொன்றாம் தேர்வு. கோல்டன் ஸ்டேட்டின் கோப்பைகளுக்கு அடித்தளமிட்ட கரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் ஆகிய மூவரும் முறையே ஏழாம், பதினொன்றாம், முப்பத்தைந்தாம் தேர்வுகள். பிளேஆஃப் சென்றுவிட்டால் நல்ல வீரர் கிடைக்கமாட்டார் என்ற அச்சத்துக்கு அடிப்படை குறைவு.

கேள்வி: தோல்வியை ஏற்றுக்கொள்ளத்தக்க ஆண்டு என்று ஒன்று உண்டா?

உண்டு. டேவிட் ராபின்சன் காயமடைந்திருந்த 1996-97 பருவத்தில் சான் அன்டோனியோ 20 ஆட்டங்களை மட்டுமே வென்று, குலுக்கலில் டிம் டங்கனைப் பெற்றது. 2023இல் 22 வெற்றிகளோடு வெம்பன்யாமாவைப் பெற்றது. நட்சத்திர வீரர் காயத்தால் இல்லாதபோதோ, பழைய அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் முதல் ஆண்டிலோ தோல்விகள் இயல்பாகவே வரும்; அவற்றைப் பொறுத்துக்கொள்வது ரசிகருக்கு இழுக்கு அல்ல. ஆனால் 1997இல் டங்கனுக்காக ஏங்கிக் காத்திருந்து, 15 ஆட்டங்களை மட்டுமே வென்று, குலுக்கலில் மற்ற எல்லோரையும்விட அதிக வாய்ப்பு வைத்திருந்த பாஸ்டனுக்குக் கிடைத்தது மூன்றாம், ஆறாம் தேர்வுகளே.

கேள்வி: வீரர்கள் உண்மையிலேயே தோற்பதற்காக ஆடுகிறார்களா?

ஆடுவதில்லை. தம் இடத்தையே பறிக்கக்கூடிய ஒரு புதியவரைக் கொண்டுவருவதற்காக எந்த வீரரும் பந்தைத் தவறவிடமாட்டார். யாரைக் களமிறக்குவது, யாருக்கு ஓய்வு தருவது என்பதில்தான் அந்த முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

கேள்வி: இந்தத் தொல்லையைத் தீர்க்க விதிகள் இல்லையா?

1984 வரை இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கு இடையே நாணயம் சுண்டினார்கள். அந்த ஆண்டு ஹூஸ்டன் வேண்டுமென்றே தோற்றதாகப் புகார் எழுந்தபின் 1985இல் குலுக்கல் வந்தது. அந்த முதல் குலுக்கலில் முதல் தேர்வான பேட்ரிக் யூயிங் நியூயார்க்குக்குச் சென்றார். 1993இல் 41 வெற்றி, 41 தோல்விகளோடு முடித்த ஆர்லாண்டோ, 66இல் ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் தேர்வை வென்றதும் விதியை மீண்டும் மாற்றினார்கள். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் இரண்டு பருவங்களின் முடிவுகளைச் சேர்த்துக் குலுக்கல் வாய்ப்பைக் கணக்கிடும் முறை கொண்டுவரப்பட்டது. ஓர் ஆண்டை மட்டும் கைவிடுவதால் பெரிய பயன் இல்லாமல் செய்யும் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வாய்ப்பை இழந்த பிறகு அதிக ஆட்டங்களை வெல்லும் அணிக்கே முன்தேர்வு தருவது என்ற யோசனையைப் பெண்கள் பனிக்கட்டி ஹாக்கியின் தொழில்முறைச் சங்கமான பி.டபிள்யூ.எச்.எல். நடைமுறைப்படுத்தியிருக்கிறது. ஏப்ரல் மாத ஆட்டங்களுக்கு உயிர் கொடுக்கும் இப்படியொரு வழியை என்.பி.ஏ.வும் முயல வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: என் அணியின் தேர்வு ஏற்கெனவே வேறு அணிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. நான் என்ன செய்வது?

உங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. எல்லா ஆட்டங்களையும் வெல்லச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தேர்வுக்குப் பாதுகாப்பு நிபந்தனை, அதாவது குறிப்பிட்ட நிலையில் அதை உங்கள் அணியே வைத்துக்கொள்ளலாம் என்ற விதி, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025இல் மயாமியின் தேர்வு அப்படிப்பட்டது: பிளேஆஃப் சென்றால் அந்த ஆண்டே ஒக்லஹோமாவுக்குப் போகும், செல்லாவிட்டால் கடன் அடுத்த ஆண்டுக்கு நீளும், அப்போது எந்தப் பாதுகாப்பும் இருக்காது. கிளீவ்லேண்டிடம் அவ்வளவு மோசமாகத் தோற்ற அந்த அணி, பிளேஆஃபுக்குள் நுழைந்ததாலேயே தன் கடனைப் பதினைந்தாம் தேர்வோடு தீர்த்துவிட்டது.